எல்லாம் சரி என்று சொன்ன இயந்திரம்

எங்கள் நிறுவனம் லோரிகளுக்கு உதிரிபாகம் விற்கிறது. சுங்கை வேயில் அலுவலகம், பின்னால் கிடங்கு. கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு பெரிய சர்வருக்குள் பல சிறிய கணினிகளைக் குடிவைக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரே வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுவது மாதிரி. அந்த அறைவாசிகளை வி.எம். என்போம். சென்ற ஆண்டு பழைய வீட்டிலிருந்து எல்லாரையும் புது வீட்டுக்கு மாற்றினோம். மாற்றியது கூடப் பெரிய வேலையில்லை. யார், எதற்கு வந்தார்கள் என்றே தெரியாமல் பழைய வீட்டில் தங்கிவிட்டவர்களைக் காலி செய்வதுதான் வயிற்றெரிச்சல். இது யாருடையது என்று கேட்டால் கணக்குப் பிரிவு கிடங்கைக் காட்டும், கிடங்கு கணக்குப் பிரிவைக் காட்டும். எந்தக் காலத்திலோ நடந்த தீபாவளி விருந்துக்குப் பெயர் பதிந்த ஒன்று, விருந்து செரித்த பிறகும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவற்றுக்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. அணைத்துவிட்டுக் காத்திருப்பது. யாராவது கத்தினால் திரும்ப ஏற்றுவது, கத்தாவிட்டால் அழிப்பது. நான் அதற்கு ‘கத்துனா பாப்போம்’ என்று பெயர் வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக அணைத்தேன். ஒருவரும் மூச்சுவிடவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

மூன்றாம் நாள் தெற்கே ஜோகூரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். எங்கள் நிறுவனத்தில் அவள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. எனக்கு முன் என் நாற்காலியில் இருந்தவரின் மகள் என்றாள். அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் நான் சேர்ந்தேன், முகம்கூடத் தெரியாது. நான் அணைத்த இயந்திரங்களில் ஒன்று, இரவில் கோப்புகளை நகலெடுக்கும் பேக்கப் முடிந்ததாக விடியற்காலையில் அவருக்கு ஒரு மெயில் அனுப்பிக்கொண்டிருந்ததாம். ‘எல்லாம் சரி’ என்று ஒரே வரி. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அவருடைய முகவரியை யாரும் எடுக்கவில்லை. மனைவி இறந்து கிள்ளானில் தனியாக இருக்கும் அவர், தினமும் எழுந்ததும் அந்த மெயிலை அப்படியே மகளுக்குத் தட்டிவிடுவாராம். பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிற ரகமில்லை அவர் போலிருக்கிறது. மெயில் நின்றுபோகவே, பழைய மெயிலின் அடியில் இருந்த அலுவலக எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறாள்.

“அப்பாவுக்கு போன்ல பேச வராதுக்கா. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நீ சாப்டியான்னு கேப்பாரு. அந்த மெயில் வந்தாத்தான் நான் நிம்மதியா வேலைக்குப் போவேன். திரும்ப ஆன் பண்ண முடியுமா?”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆனாலும் அவள் கெஞ்சவில்லை, நியாயம் பேசவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். அந்த ஒரு மெயிலை மட்டும் புது வீட்டுக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்த இயந்திரத்தின் பாஸ்வர்ட் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மகளிடம் எண் வாங்கி அவள் அப்பாவையே அழைத்துக் கேட்டேன். பாஸ்வர்டைப் போனில் சொல்லக்கூடாது, அது ரூல் என்றார். அந்த ரூலை எழுதியதும் அவர்தானாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால். சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் பருப்பு வடை வாங்கிக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை முக்காலிமேல் நீட்டி, அதன்மேல் துண்டு போட்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. பழைய ஆபீசர் மிடுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் மடிக்கணினியைத் திறந்து அந்த இயந்திரத்தைத் திரும்ப ஏற்றியதும், அதை வாங்கித் தன் பக்கம் திருப்பி, எனக்குத் தெரியாதபடி பாஸ்வர்டைத் தட்டிவிட்டுக் கொடுத்தார்.

மெயில் அனுப்பும் நிரலைத் திறந்தேன். நான்கைந்து வரிகள். பேக்கப் ஓடியதா, இல்லையா என்று பார்க்கும் வரி ஒன்றுகூட இல்லை. விடிந்ததும் ‘எல்லாம் சரி’ என்று அனுப்பு, அவ்வளவுதான். அது நகலெடுக்க வேண்டிய வட்டையே எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள். நல்லவேளை, உண்மையான பேக்கப்பை வேறொரு இயந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது. இது மட்டும் ஒன்றுமே செய்யாமல், எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவரிடம் காட்டினேன். சிரித்தார். முதலில் சோதித்துத்தான் அனுப்பியதாம். சின்னக் கோளாறுக்கெல்லாம் மேலாளருக்கு மெயில் போய், அவர் குதிகுதியென்று குதித்தாராம்.

“சும்மா ரெண்டு வாரத்துக்குன்னு அந்த செக்கிங்க எடுத்தேன்மா. அப்புறம் அப்படியே ஓடிடுச்சு லா.”

வடைக்குத் தேநீர் வேண்டாமா என்று எழப் பார்த்தார். துண்டு நழுவியது. பாதம் முழுக்கக் கட்டு. கட்டின் ஓரம் மஞ்சளாக ஊறியிருந்தது, கணுக்கால் வீங்கிப் பளபளத்தது. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, என்றார். செருப்பு கடித்த புண்தானாம். கிளினிக்கில் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். போகவில்லை. தனியாகப் போக மனமில்லை போலிருக்கிறது.

மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெனமும் அனுப்பிக்கிட்டுத்தானே இருந்தேன்,” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, அந்த நான்கைந்து வரிமேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. ஜோகூரில் ஒருத்தி அதை நம்பித் தினமும் நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறாள். அதை நினைத்தபோது பயமாகவும் இருந்தது.

“அங்கிள், இத புது சிஸ்டத்துல ஏத்தித் தரேன்,” என்றேன். “ஆனா அந்த செக்கிங்கையும் போட்டுடுவேன். பாத்துட்டுத்தான் சொல்லும். சரியில்லன்னா சரியில்லன்னுதான் வரும். அதையும் மகளுக்கு அனுப்புவீங்களா?”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். வெளியே ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்.

“ஏத்த வேணாம்மா,” என்றார் கடைசியில். மேசைமேல் இருந்த போனை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். மகளை அழைத்தார். எதிர்முனையில் உடனே எடுத்துவிட்டாள். எப்படி இருக்கீங்கப்பா என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. சாப்டியா என்று இவர் வாயெடுத்தார். நிறுத்திக்கொண்டார்.

“இல்லம்மா,” என்றார். “சரியில்ல.”

நான் வடைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தேநீரை அங்கேயே நின்று மெதுவாகக் கலந்தேன்.

அந்த இயந்திரத்தைத் திங்கட்கிழமை அழித்தேன். அதற்குள் மகள் வந்து அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தாள். மறுநாள் விடிந்தது, யாரும் கத்தவில்லை.