எட்டாவது மாடியிலிருந்து அம்மாவை எப்படி இறக்குவது

அப்பா இறந்தது மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தம்பி இப்போதும் புதன் என்றுதான் சொல்கிறான். புதன்கிழமை அவன் சாம்பல் அள்ளப் போன நாள். நாள் கிழமை தவறினால் எனக்குப் பொறுக்காது என்பது ஒருபுறம். அந்தச் செவ்வாய்க்கிழமையை அவன் சரியாக நினைவில் வைத்திருந்தால், ஆவணியில் அம்மா கேட்ட கேள்விக்கு அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

தம்பியின் ஃபிளாட் சிஞ்ச்வட்டில், எட்டாவது மாடி. அப்பாவும் அம்மாவும் அவனோடுதான் இருந்தார்கள். அப்பாவைப் படுத்தவாக்கில் கீழே இறக்க முடியவில்லை. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. படிக்கட்டிலோ தளத்துக்குத் தளம் செருப்பு அலமாரி, சைக்கிள், பூந்தொட்டி. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் இறுக்கிக் கட்டி, லிஃப்டில் ஏற்றினார்கள். தலை முன்னால் சரிந்துகொண்டே இருந்தது. அம்மா யார் பேச்சையும் கேட்காமல் உள்ளே ஏறி, அவர் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. ஜிம்முக்குக் கிளம்பிய ஒருவர் காதில் இயர்போனோடு உள்ளே கால் வைத்தார், பார்த்தார், அலறிப் பின்வாங்கினார். அதன்பின் கதவு மூடவில்லை. "க்ருபயா தர்வாஜா பந்த் கரேம்" என்று லிஃப்டின் பெண்குரல் கதவை மூடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கெஞ்சியது. சுடுகாட்டுக்குப் பெண்களை விடவில்லை. ஆகவே வாழ்நாளெல்லாம் கூட இருந்த மனிதரோடு அம்மா போன கடைசிப் பயணம் அந்த லிஃப்டில்தான்.

ஆவணியில், கணபதி பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு, நான் கட்கியில் இருக்கும் என் வீட்டிலிருந்து அங்கே சாப்பிடப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அம்மா கேட்டாள்.

"என்னியும் நாற்காலில கட்டித்தான் எறக்குவீங்களா? இப்பவே சொல்லிடுங்க."

தம்பி சிரித்தான். "ஞாயித்துக்கெழம சோறு துன்னுட்டு பேசற பேச்சாம்மா இது?"

"வேற எப்பப் பேசறது? செத்தப்பறமா?"

"அத்த, நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்றாள் தம்பி மனைவி.

"நூறு வயசுலயும் எட்டாவது மாடிதானம்மா?"

தம்பி விடவில்லை. "ஊர்ல மட்டும் இன்னாவாம்? பொணத்த ஒக்கார வெச்சித்தானே தேர்ல எடுத்துக்கினு போறாங்க."

"அது மாலை போட்டு ஊரே பாக்க ஒக்கார வெக்கறது. இது மூட்ட எறக்கறது. நா மல்லாந்து படுத்துக்கினுதான் போவேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் சொன்னேன்: "அம்மா எங்கூட வந்து இருக்கட்டும். கட்கி வீடு தரையோட தரை. வாசல்லயே குளிப்பாட்டலாம். நாலு பேர் தோள்ல எடுக்கலாம்."

தம்பியின் சிரிப்பு நின்றது. "பொண்ணு வூட்லேர்ந்து பொணம் எடுத்தா, பையன் இன்னாத்துக்கு இருக்கான்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா? நா இன்னா செத்தா பூட்டேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் தன் உடம்பைப் பற்றிப் பேசுகிறாள், இவன் தன் மானத்தைப் பற்றிப் பேசுகிறான். அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கீழே இறங்கிப் போனேன்.

பார்க்கிங்கில் கணபதி பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சொசைட்டி செக்ரெட்டரி அங்கே நின்றிருந்தார். படிக்கட்டில் அடைத்து வைத்திருப்பதை எல்லாம் எடுக்கச் சொல்ல முடியுமா, ஒரு ஸ்ட்ரெச்சர் இறங்க வேண்டும் என்று இந்தியில் கேட்டேன்.

"வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லை."

"பிறகென்ன அவசரம்? மீட்டிங்கில் வைப்போம், தேகேங்கே, பார்க்கலாம்."

"இந்தக் கட்டடத்தில் இனி யாருமே சாகப்போவதில்லையா?"

அவர் முகம் கறுத்தது. "ஷுப் ஷுப் போலோ, மேடம்" என்று சொல்லிவிட்டுப் பந்தல்காரனிடம் திரும்பிக்கொண்டார். நல்லதையே பேச வேண்டுமாம்! எத்தனையோ தேசத்துச் சாவுச் சடங்குகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். செத்தவரை எந்த வழியாக வெளியே கொண்டுபோவது என்று ஒவ்வொரு கூட்டமும் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. இங்கே காருக்கு இடம் அளந்தார்கள், நாயை நடத்திப்போக நேரம் குறித்தார்கள். மனிதர்கள் சாவார்கள் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேலே வந்தபோது தம்பி ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தான். "கடைசி நேரத்துல ஆம்புலன்ஸ் வெச்சி கட்கிக்குக் கூட்டிக்கினு போயிடலாம்."

"கடைசி நேரம் ஃபோன் பண்ணிட்டு வருமாடா?" என்றாள் அம்மா. "ஒங்கப்பாவுக்கு வந்துச்சா? பல்லு வெளக்கிக்கினு இருந்தாரு."

அவன் டிவி போட்டான். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த வியாழக்கிழமை அம்மாவே எனக்கு ஃபோன் செய்து ஆட்டோவோடு வரச்சொன்னாள். நான் போனபோது ஒரு பை, ஒரு தலையணை, அப்பாவின் போட்டோவோடு தயாராக இருந்தாள். தம்பி ஆபீசுக்குப் போயிருந்தான். "அவுரு வந்தப்பறம் போங்களேன் அத்த" என்று தம்பி மனைவி கையைப் பிடித்தாள். "அவன் வந்தா போவ உடமாட்டான்" என்றாள் அம்மா. லிஃப்டில் என் கையைக்கூடப் பிடிக்காமல் நின்றாள்.

தம்பி ஒரு வாரம் பேசவில்லை. கணபதி கரைத்த மறுநாள் கூப்பிட்டான்.

"சரிக்கா, அம்மா அங்கயே இருக்கட்டும். ஆனா ஏதாச்சும் ஆச்சின்னா, மொதல்ல என் வூட்டுக்குக் கொண்டாந்துட்டு அப்பறம்தான் எடுக்கணும். சொந்தக்காரங்கள்லாம் வருவாங்க இல்ல."

"எட்டாவது மாடிக்கா?"



"மேல வேணாம். கீழ பார்க்கிங்ல, ஒரு அர மணி நேரம். ஒரு பேருக்கு."

அம்மா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாவாம் அவனுக்கு?" என்று கேட்டாள். சொன்னேன்.

"பார்க்கிங்ல அவனையே போய்ப் படுத்துக்கச் சொல்லு."

அதை அப்படியே, ஒரு சொல்லும் குறைக்காமல் அவனிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் இன்னும் கூப்பிடவில்லை.