சந்தனம் பூசிய மெஷின்

எங்கள் துப்பாக்கி கிளப்புக்கு ஒரு தலைவர் இருந்தார். காஜா பேராங்கில் மளிகைக் கடை முதலாளி. சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷம் வெள்ளைக்காரத் தலைவர் கப்பலேறியதும் காலி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தவர். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கத் தெரியும், அவ்வளவுதான்.

நான் அங்கே ஸ்டோர் கிளார்க். தோட்டாக்கள் என் பொறுப்பு. தலைவரின் குண்டு ஒருநாளும் நடுவில் படாது. அதே தோட்டாவில் மற்றவர்கள் ஒழுங்காகத்தான் சுட்டார்கள். ஆனாலும் நான் ஈரத்தில் போட்டுக் கெடுத்துவிட்டேனாம். குண்டின் வேகத்தை அளக்கும் மெஷின் வாங்குவது, வேகம் குறைந்திருந்தால் என் சீட்டைக் கிழிப்பது என்று கமிட்டியில் முடிவானது. வீட்டில் நாலு வயிறு என்னை நம்பி இருந்தது.

கேட்டலாக்கில் இரண்டு மெஷின்கள். ஒன்றில் குண்டு முதல் தாளைக் கிழித்ததும் நேரம் ஓட ஆரம்பிக்கும், அடுத்த தாளைக் கிழித்ததும் நிற்கும். பார்க்கச் சப்பை, ஆனால் ஏமாற்றாது. அதையே வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு வெடிக்கும் தாளுக்கு யார் அழுவது என்றார் தலைவர். மற்றதில் தாளுக்குப் பதில் இரண்டு கண்ணாடிக் கண்கள், மேலே பறக்கும் குண்டின் நிழலைப் பிடிக்க. முன்னால் சிவப்பு விளக்குகள். விளக்கைப் பார்த்ததும் மனுஷன் விழுந்துவிட்டார். கல்யாண வீட்டுக்குக் கலர் பல்பு வாங்குகிற மாதிரி வாங்கினார். கமிட்டி தலையாட்டியது. வேறெதற்கு அந்தத் தலைகள்?

மெஷின் வந்ததும் புக்கிட் கட்டில் மேட்டடியில், நாங்கள் சுடும் திடலில் பூஜை. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, தலைவரே சந்தனம் பூசினார். எங்கே? இரண்டாவது கண்ணின் மேல், தடியாக.

சுட்டார்கள். முதல் கண் குண்டைப் பார்த்தது. இரண்டாவது என்னத்தைப் பார்க்கும்? நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. குறி அட்டையில் ஓட்டை விழுந்தாயிற்று, மெஷின் கணக்கில் குண்டு இன்னும் வந்து சேரவில்லை. எவ்வளவு ஸ்லோ பாருங்கள் என்று தலைவர் எல்லாரிடமும் காட்டினார்.

"அந்தச் சந்தனத்தைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை சுடுங்க" என்றேன்.

"சாமிக்கு வச்ச பொட்டை அழிக்கச் சொல்றியே, நீ மனுஷனா?"

துடைக்கக் கை நீட்டினேன். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தூ. அன்று சாயந்திரமே ஸ்டோர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அடுத்து வந்த மெர்டேக்கா கோப்பைப் போட்டிக்குப் புதுத் தோட்டா வந்து சேரவில்லை. நான் அடுக்கி வைத்த அதே பெட்டிகளை உடைத்துத்தான் சுட்டார்கள். கிளப் ஜெயித்தது. நான் அப்போது பசார் சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன். ஊர்வலம் அந்த வழியாகத்தான் போனது. தலைவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கும் சந்தனம் பூசியிருந்தார்.