அம்மை தொடாத உடம்பு

பாண்டியம்மாள் அந்த ஜாக்கெட்டை மறுபடியும் பிரித்தாள். இடது பக்கம் தையலே வரக் கூடாது. அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரே துணியாக ஓட வேண்டும். இணைப்பெல்லாம் வலது பக்கம், கொக்கிக்குப் பதில் நாடா. துணியும் கடையில் வாங்கியதில்லை. துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்துபோன பழைய வேட்டி. திருப்பரங்குன்றத்தில் அவள் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. தங்கைக்கு ஒன்று தைப்பதுதான் இவ்வளவு பாடாக இருந்தது.

தங்கை ரோகிணி கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பாண்டியம்மாள் எட்டாவதோடு நின்று மிஷினில் உட்கார்ந்தவள். கடைக்கு வருகிற பெண்கள் யாரும் ரோகிணியைப் பற்றிக் கேட்காமல் திரும்ப முடியாது. அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, தங்கச்சி பேங்க்கில் மேனேஜர் என்று தொடங்கிவிடுவாள். கூட்டிச் சொல்வதில்லை. எந்தக் கிளையில் சேர்ந்தாள், எப்போது பதவி உயர்ந்தாள் என்று எல்லாம் சரியாக இருக்கும். அளவு தப்பின பெருமை அவளுக்கு ஆகாது.

போன வருடம் பங்குனி வெயிலில் ரோகிணிக்கு அக்கி வந்தது. இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை பாதிக் கச்சை கட்டினதுபோலக் கொப்புளம். ரோகிணி அன்றைக்கே கே.கே. நகர் டாக்டரம்மாவைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்துவிட்டாள். அக்கா கூப்பிட்டாள் என்பதற்காகச் சாயங்காலம் பானை வனைகிற வேளார் வீட்டுக்கும் போய், குழைத்த காவியைக் கோழி இறகால் தொட்டு அக்கி எழுதிக்கொண்டாள். இரண்டு வைத்தியத்திலும் ஒரு குறை வைக்கவில்லை. கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. வலி அப்படியே தங்கிவிட்டது. ஃபேன் காற்று பட்டால் அந்த இடம் எரிந்தது. முந்தானை ஓரம் உரசினால் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாற்காலியில் சாயாமல், எதையோ எடுக்கக் குனிந்தவள்போலவே உட்கார்ந்திருந்தாள்.

ரோகிணியின் கணவர் இறந்து சில வருடமாகிறது. மகன் முகேஷ் புனேயில் வேலையில் இருந்தான். பாண்டியம்மாளும் கணவரை இழந்து தனியாக இருந்தவள்தான். அதனால் படுக்கையைத் தங்கை வீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். பகலில் கடை, பொழுது சாய்ந்தால் பஸ் ஏறி கே.கே. நகர்.

முதலில் கொஞ்ச நாள் தங்கையின் வலியைப் பார்த்து அழுதாள். பிறகு அழுகை நின்றது. காரணம் ஒன்றும் இல்லை, குழாயில் தண்ணீர் நின்றுபோவதுபோல நின்றது. ரோகிணி முனகினால் எழுந்து விளக்கைப் போடுவாள், மாத்திரையை எடுத்துக் கொடுப்பாள், திரும்பப் படுப்பாள். முகேஷுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று போன் வந்தபோது, சரிப்பா என்றாள். பக்கத்துக் கடைக்காரர் செத்தபோது மாலை வாங்கிப் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து காஜா எடுத்தாள். தையலில் ஒரு பிசகு இல்லை. தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பற்றிக் கவலைப்படக்கூட வரவில்லை.

மாசம் ஒருமுறை ரோகிணியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போவாள். ஒருநாள் டாக்டரம்மா அக்காவின் வயதைக் கேட்டார். அறுபத்தாறு என்றதும், அக்கி வராமல் இருக்க இப்போது தடுப்பூசி இருக்கிறது, ஐம்பது தாண்டிய இரண்டு பேருமே போட்டுக்கொள்ளலாம் என்றார். ரோகிணிக்கு இப்போது இருக்கிற வலிக்கு அது மருந்தில்லை. ஆனால் ஒருமுறை வந்தவர்களுக்கும் மறுபடி வரலாம். அதைப் பெருமளவு தடுக்கும். இரண்டு தவணை. போட்ட கை ஓரிரு நாள் வலிக்கும், காய்ச்சல்போல அடிக்கலாம். விலை கொஞ்சம் கூடுதல்தான் என்பதையும் சொன்னார். நூற்றுக்கு நூறு என்று அவர் சொல்லாதது பாண்டியம்மாளுக்குப் பிடித்திருந்தது.

அக்கி எங்கிருந்து வருகிறது என்றும் விளக்கினார். சின்ன வயதில் வந்த அம்மை போய்விடுவதில்லை, அதன் கிருமி நரம்புக்குள் படுத்துக்கிடக்கிறது, வயதாகி உடம்பு தளர்ந்தால் எழுந்து அக்கியாக வருகிறது. பாண்டியம்மாள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப எனக்கு வேணாம் டாக்டரம்மா. எனக்கு அம்மையே வந்ததில்ல."

இந்த வயதுக்காரர்களில் அநேகமாக எல்லோருக்கும் வந்திருக்கும், நினைவில்லாமல் இருக்கலாம், அதனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் போட்டுக்கொள்வதுதான் நல்லது என்றார் டாக்டரம்மா. பாண்டியம்மாள் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டாள். தேவையில்லாத இடத்தில் தையல் ஓட்டுவது அவள் வழக்கமில்லை.

அம்மை வரவில்லை என்பது அவளுக்கு வெறும் விவரம் இல்லை. கீழக்குயில்குடியில் அவர்கள் இருந்தபோது, ரோகிணி மூன்று வயதுக் குழந்தை, அம்மை வார்த்துப் படுத்தாள். அப்பாவும் அம்மாவும் வயல் வேலையை விட முடியாது. தெருப் பிள்ளைகளையெல்லாம் அந்தப் பக்கம் அண்டவிடாமல் விரட்டினார்கள். ஒன்பது வயதுப் பாண்டியம்மாளை மட்டும் அம்மா, கையில் வேப்பங்கொழுந்தைக் கொடுத்துத் தங்கச்சி பக்கத்தில் உட்கார வைத்தாள். அவள்தான் விசிறினாள், இளநீர் புகட்டினாள், சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே பாயில் படுத்தாள். அவள் உடம்பில் ஒரு முத்து போடவில்லை. ஆத்தா தொடாத பிள்ளை என்று ஊரில் சொன்னதாக அவளுக்கு நினைவு. அந்த வார்த்தையைத்தான் இத்தனை காலம் வைத்திருந்தாள். எட்டாவதோடு நின்றவளுக்குச் சொல்லிக்கொள்ள வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ரோகிணி ஊசிப் பேச்சை எடுத்தாள். இரண்டு பேருக்கும் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பாண்டியம்மாள் அரிசி களைந்துகொண்டே பதில் சொன்னாள்.

"நீ போட்டுக்க. எனக்கு எதுக்கு? வந்தா வரட்டும்."

"எது வரட்டும்? பஸ்ஸா?"

"எனக்குத்தான் வராதேடி. ஆத்தா தொடாத உடம்பு."

"வராதுங்கிற, வந்தா வரட்டும்ங்கிற. ரெண்டுல எது?"

பாண்டியம்மாள் கழுநீரை வடித்தாள். ரோகிணி குனிந்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அப்ப நானும் போடல. நீ போட்டாத்தான் போடுவேன். மறுக்கா வந்துச்சுன்னா அந்தப் பக்கத்துக்கும் சேத்து வேட்டித் துணியில தச்சுக் குடு."

ரோகிணி சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை வந்த இந்த நெருப்பு தங்கைக்கு இன்னொரு முறை வந்துவிடுமானால் அது அக்காவின் பிடிவாதத்தால் வந்ததாக இருக்கும். பாண்டியம்மாள் இதை யோசித்துப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அடித்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அம்மை வரவில்லை என்று பெரிய ஆள் ஒருவரே சொன்னதாகத் தெரிந்தால் ரோகிணி வீம்பை விட்டுத் தன் ஊசியைப் போட்டுக்கொள்வாள் என்று கணக்குப் போட்டாள். அந்தக் காலத்து ஆட்களில் மிச்சமிருந்தவர் தாய்மாமன் கருத்தக்கண்ணன் ஒருவர்தான். மறுநாள் கடையைத் திறக்காமல் கீழக்குயில்குடிக்குப் போனாள்.

மாமா வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டிக்கொண்டிருந்தார். காதும் கண்ணும் நன்றாகவே இருந்தன. நாக்கு இன்னும் நன்றாக இருந்தது.

"வா ஆத்தா. பொம்பளைகளுக்கு ஓசி பஸ்ஸு விட்டு எம்புட்டு வருசமாச்சு, இன்னைக்குத்தான் மாமன் நெனப்பு வந்துச்சாக்கும்."

அவள் வாங்கி வந்த சீவலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மாமா, எனக்குச் சின்னதுல அம்மை வந்ததில்லைல?"

"யாரு சொன்னா வரலைன்னு?"

"எல்லாரும் சொல்லுவாகளே மாமா."

"எல்லாரும்னா யாரு, நீயி. எங்கல்யாணமே ஒன்னாலதான அரைகுறையாப் போச்சு."

அவர் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பாண்டியம்மாள் தவழ்கிற பிள்ளை. உச்சி முதல் உள்ளங்கால்வரை அம்மை. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால் மற்ற முடிச்சுகளை அவருடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். அவருக்கு இருந்தது ஒரே அக்கா, பாண்டியம்மாளின் அம்மா. அம்மை போட்ட வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு வரக் கூடாது என்று அவள் தாலி கட்டும்போது இல்லை. பெரியப்பன் மகள் ஒருத்தி வந்து முடிச்சுப் போட்டாள். மாமா இதையெல்லாம் நேற்று நடந்ததுபோல, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுவரை சொன்னார்.

"ஒங்க அத்தை சாகுற மட்டும் குத்திக் காமிச்சா, கூடப் பொறந்தவ முடிச்சுப் போடாத தாலின்னு. நீ என்னடான்னா அம்மையே வரலைங்கிற."

பாண்டியம்மாள் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரோகிணிக்கு வந்தப்ப..."

"அதுனாலதான ஒன்னைய உக்கார வச்சா. ஒருக்கா வந்த புள்ளைக்கு மறுக்கா அம்மை வராதுல்ல. அது தெரியாமயா பெத்தவ ஒன்னையக் கொண்டுபோயி அதுக்குப் பக்கத்துல படுக்க விடுவா?"

அவள் இந்தக் கேள்வியை ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் விரட்டிய அம்மா தன்னை மட்டும் ஏன் உள்ளே அனுப்பினாள்? தங்கச்சி போனால் தாங்காது, இவள் போனால் பரவாயில்லை என்று நினைத்தாளோ? ஆத்தா தொடாத பிள்ளை என்ற பெருமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்தச் சந்தேகத்தைக் கீழே குனிந்து பார்க்காமலே இருந்துவிட்டாள்.

எதற்கு இதெல்லாம் கேட்கிறாய் என்றார் மாமா. அக்கிக்கு ஊசி வந்திருப்பதைச் சொன்னாள். அவர் சீவலை வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு வேணாம். எம்பத்தஞ்சாச்சு. என்கிட்ட வந்து அக்கி என்னத்தக் கண்டுச்சு. நீ போட்டுக்க. ரோகிணியப் பாக்க ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். முகம் வரவில்லை. அரக்குச் சேலையின் கரை மட்டும் வந்தது, ஒரு விரற்கடை அகலம், இரண்டு மஞ்சள் கோடு. இத்தனை வருடச் சந்தேகம் தீர்ந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும், அழவாவது வேண்டும் என்று நினைத்தாள். பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ் ஏறினாள்.

ரோகிணியிடம் எதையும் மறைக்கவில்லை. தாலி முடிச்சு உட்பட வரிசையாகச் சொன்னாள். ரோகிணி சிரித்துவிட்டாள். சிரித்ததும் இடது பக்கம் பிடித்துக்கொள்ள, முழங்கையைத் தள்ளி வைத்துக்கொண்டு மூச்சை நிறுத்தி நிறுத்திச் சிரித்தாள்.

"இம்புட்டு வருசம் திருப்பரங்குன்றம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியேக்கா."

"தெரியாமச் சொன்னேன். இனிமே சொல்லல."

"அப்ப நாளைக்குப் போவமா?"

"நாளைக்கு வேணாம். ஜாக்கெட்டுக் கை இறுக்கமாருக்கு. நர்ஸம்மா சுருட்டி ஏத்துனா தோள்பட்டை வராது. தொளதொளன்னு ரெண்டு தச்சுக்கிட்டுப் போவோம்."

அது சம்மதம்தான் என்று அக்காவைத் தெரிந்த ரோகிணிக்குத் தெரியும்.

ஊசி போட்ட அன்று பாண்டியம்மாள் முதலில் உட்கார்ந்தாள். கத்தரி பிடிக்கிற கை வேண்டாம் என்று இடது கையைக் காட்டினாள். நர்ஸ் ஜாக்கெட்டின் தளர்ந்த கையை மேலே தள்ளிவிட்டு, இப்படி எல்லாரும் போட்டுக்கொண்டு வந்தால் வேலை சுலபம் என்றாள். ஊசி இறங்கியது அவளுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை. முடிந்துவிட்டதா என்று கேட்டாள். பிறகு ரோகிணி உட்கார்ந்தாள், அவளுக்கு வலது கை. அந்த ஊசி இறங்கும்போது மட்டும் பாண்டியம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா அடுத்த தவணைக்கு இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். வாரோம் என்றாள்.

சாயங்காலம் இரண்டு பேருக்கும் கை கனத்தது. குக்கரைத் தூக்கி இறக்க ஆளில்லை. முனைக் கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டார்கள். பாண்டியம்மாளுக்கு உடம்பு லேசாகக் கொதித்தது. தோளுக்குக் கீழே ஊசி போட்ட இடம் வீங்கி, சிவந்து, கையை அசைத்தால் தெறித்தது. அவள் அப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. டாக்டரம்மா முன்கூட்டியே சொன்னதுதான், ஆனாலும் அந்த வலி அவளுக்குப் புதிதாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா நெனப்பாக்கா?" என்றாள் ரோகிணி.

"இல்லடி. கை வலிக்குது."

ரோகிணி மெதுவாக எழுந்து வந்தாள். அக்கி வந்ததிலிருந்து யாரையும் கிட்டே விடாதவள், தானும் யாரையும் தொடாதவள். பக்கத்தில் குனிந்து, வீங்கின இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடுதேக்கா."

சுரீர் என்றது. பாண்டியம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.