பொங்கோசித் தண்டும் ஆறு ஆண்களும்

போன ஞாயிறு ஸ்டுட்கார்ட்டில் எங்கள் ஈழத் தமிழரின் மாதா திருநாள். பவனி தொடங்கும் நேரம் தாண்டியும் மாதா கோயில் வாசலை விட்டு அசையவில்லை. காரணம் — ஒரு மரம்.

பொங்கோசி என்று பெயர். ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம். ஜெர்மனியில் பாலங்களுக்கும் படகுத்துறைகளுக்கும் போடுகிறார்கள். மழை, பனி, பூச்சி... எதற்கும் மசியாது. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். முதலில் துளை போட வேண்டும். தண்ணீரில் போட்டால் மிதக்காது, நேரே அடிக்குப் போய்விடும். நம் ஊர் வன்னிக் காட்டுப் பாலை மரத்துக்குப் பெரியண்ணன் என்று வையுங்களேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மரத் தொழில்நுட்பம்தானே படிக்கிறேன்! எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். எத்தனை தடவை எழுதினாலும் இது எனக்கு அலுப்பதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலம் கட்டும் கம்பெனியில் வேலை செய்யும் ஜோர்ஜ் அண்ணைக்கு மிஞ்சிய பொங்கோசிக் கட்டைகள் சும்மா கிடைத்தன. மாதா சொரூபத்தை வைத்துத் தோளில் சுமக்கும் கூட்டை அதிலேயே செய்யத் தொடங்கினார். அடிப்பலகை, நீளமான இரண்டு தண்டு — எல்லாமே பொங்கோசி.

"அண்ணை, சொரூபத்தைவிடத் தண்டு பாரமாய் வரும். தூக்க ஏலாது" என்றேன்.

"பிள்ளை, மாதாவுக்கு ஆரும் பாரம் பாக்கிறதோ? ஊரிலை பாலையிலைதானே செய்தனாங்கள்."

"ஊரிலை நீங்கள் இளந்தாரி, அண்ணை!"

சிரித்தார். கேட்கவில்லை.

திருநாளன்று வழக்கம்போல் ஆறு ஆண்கள் தோள் கொடுத்தார்கள். கூடு எழும்பியது... கொஞ்சம் நகர்ந்தது... ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இறக்கினார்கள். மறுபடி முயற்சி. மறுபடி இடுப்பு.

"இந்த வருஷம் பவனி வேண்டாம். கோயிலுக்குள்ளையே செபத்தைச் சொல்லுவம்" என்றார் ஒருவர். ஜோர்ஜ் அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வருடம் முழுக்கக் காத்திருந்தது இதற்காகவா?

பின்னால் செபமாலையோடு நின்ற அம்மா முன்னால் வந்தாள். ஹோட்டல் குசினியில் பெரிய சட்டிகள் தூக்கி உரமேறிய தோள் அவளுடையது.

"தள்ளுங்கோ. நாங்களும் பிடிக்கிறம்."

"பொம்பிளையள் கூடு தூக்கிறேல்லை, அக்கா..." என்று இழுத்தார் ஜோர்ஜ் அண்ணை.

"அப்ப நீர் தனியத் தூக்கும்!"

ஜோர்ஜ் அண்ணை விலகி இடம் விட்டார். ஆண்களுக்கு நடுநடுவே ஆறு பெண்கள் புகுந்தோம். மாதா எழும்பினாள். பாட்டோடு தெருவைச் சுற்றி வந்தோம். பல்கனிகளில் ஜெர்மன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் தொங்கியும் தண்டு இம்மிகூட வளையவில்லை. என் தோளில்தான் இன்னும் வலி... ஆனால் என்ன ஒரு வலி!

கூட்டை இறக்கியதும் ஜோர்ஜ் அண்ணை மெல்லச் சொன்னார்: "அடுத்த வருஷம் பாரமில்லாத மரத்திலை வேறை ஒண்டு செய்வம், அக்கா. பிறகு தூக்க ஆம்பிளையளே போதும்."

அம்மா தண்டை ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏன்? இது உக்காத மரமெண்டு என்ரை மகள் படிச்சுப்போட்டுச் சொல்லுறாள்."

உண்மைதான். மழையில் கிடந்தாலே பல பத்தாண்டுகள் நிற்கும் மரம். கோயிலுக்குள் வைத்தால் எத்தனை தலைமுறையோ... அத்தனைக்கும் எங்கள் தோளும் வேண்டும். ஆண்கள் பாடு கஷ்டம்தான்!