பெட்டிக்குள் அடித்த டிரம்ஸ்

நேற்று பட்டர்வொர்த் கிளினிக் ஒன்றில் மருந்துக்கு நின்றேன். கொரோனா காலத்துப் பிளாஸ்டிக் தடுப்பு கவுண்டரில் இன்னும் இருக்கிறது, மூலையில் டேப் பசை கறுத்துப்போய். உள்ளேயிருந்த பெண் ஏதோ கேட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

அந்த மாதிரித் தடுப்புகளுக்குள் ஒரு வருஷம் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவன் நான். எங்கள் இசைக்குழுவின் பாடகி அக்காவுக்கு என்மேல் ஓயாத புகார். "தம்பி, என் மைக்ல என் குரல விட ஒன் அடிதான் கேக்குது லா!" பொய்யில்லை. எனக்குக் கை கனம். மெதுவாக அடி என்றால் கோபம் வேறு வரும். சவுண்ட் பார்க்கும் அண்ணன் மைக்கை அக்காவின் உதட்டோடு ஒட்டிப் பார்த்தார், ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் கழற்றிப்போட்ட தடுப்புகளை வாங்கிவந்து, என்னைச் சுற்றி நிறுத்தி, மேலே மூடி, வெளியிலிருந்து டேப் ஒட்டிவிட்டார். "இனிமே ஒன் சத்தம் ஒன்னோட."

பினாங்கு வெயிலில் அதற்குள் உட்கார்ந்து பாருங்கள், இட்லிதான். வேர்க்க வேர்க்கப் பிளாஸ்டிக் தகட்டில் ஊறிய மீன் குழம்பு வாசனை கிளம்பும். அப்பாவுக்கு அந்தக் குழம்பென்றால் உயிர். சுங்கை பினாங் வீட்டில் நான் மேசையைத் தட்டிப் பழகிய நாளிலிருந்து, என் தாளத்தைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ வாய் திறந்ததில்லை. ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கல்யாண விருந்துக்கு அவரே வந்தார். மத்தியானம், பாட்டு நடுவில், மேடையின் பின்பக்கமாக ஏறித் தடுப்போடு ஒட்டி நின்று ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். எனக்குக் காதில் ஹெட்ஃபோன், கையில் குச்சி, சுற்றிலும் டேப். எழுந்திருக்க வழியில்லை. மடையன்போலத் தலையாட்டிச் சிரித்தேன். தகட்டை இரண்டு விரலால் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "என்னப்பா சொன்னீங்க?"

"அதான் தலைய ஆட்டுனியே."

"கேக்கலப்பா."

"ஒரு தடவதான் சொல்லுவேன். போ லா."

சிரித்தபடி பேப்பரை எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் விட்டேன். அந்த மாதக் கடைசியில் மாரடைப்பில் போய்விட்டார்.

இப்போது குழு இல்லை, பெட்டி குப்பைக்குப் போயிற்று. அந்தக் கல்யாணத்தில் ஒவ்வொரு மைக்கையும் அண்ணன் தனியாகப் பதிந்து கொடுத்தது மட்டும் போனில் இருக்கிறது. பெட்டிக்குள் என் தலைக்குமேல் தொங்கிய மைக்கை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ. டிரம்ஸ் கேட்கிறது. பாட்டு ஓயும் இடத்தில் என் மூச்சு கேட்கிறது. டொக் டொக் என்று அந்த இரண்டு தட்டும் கேட்கிறது. அதற்கு முன்னால் அப்பா சொன்னதில் ஒரு சொல் இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்கிறார் அண்ணன், பாவி.