சமீனாவின் பத்து அசைவுகள்

பாகூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் என் தங்கை சமீனா ரவிக்கை தைக்கிறாள். ஒரே அளவை மூன்று முறை எடுப்பாள். "என் கை இன்னா, நேத்திக்கும் இன்னிக்கும் வளந்துடுமா?" என்று யாராவது கிண்டல் செய்தால், "வளந்தாலும் வளரும், ஆடாம நில்லுக்கா" என்பாள். இந்தச் சந்தேகம் அவளுடைய பிறவிக் குணம் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் வந்தது.

அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். ஒரு பகல் முழுக்க வயிற்றில் அசைவு குறைந்திருந்தது. மாதம் ஏற ஏறப் பிள்ளை அடங்கிவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பிரான்ஸின் லியோன் நகரத்திலிருந்து போனில் நானும் அதையேதான் சொன்னேன். காலையில்தான் அவள் கணவர் ரஷீத் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் பார்த்த டாக்டர், பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்றார்.

இந்த இரண்டாம் கர்ப்பத்தில் ஊர் நர்ஸ் இளவரசி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "சாப்ட்டுட்டு எடது பக்கமா ஒருக்களிச்சிப் படு. ரெண்டு மணி நேரத்துல பத்து தரம் அசையணும். கொறஞ்சா யாரையும் கேட்டுனு நிக்காத, கெளம்பி வந்துடு."

பாதி எண்ணும்போதே யாராவது கதவைத் தட்டுவார்கள், எண்ணிக்கை தப்பிவிடும். அதற்குத்தான் மாமியார் ரஹ்மத் பீவியின் மோதிரத்தை எடுத்துக்கொண்டாள். இறைவன் பெயரைச் சொல்லித் திக்ரு ஓதும்போது எண்ணுவதற்காக விரலில் மாட்டிக்கொள்ளும், பொத்தான் வைத்த சின்னக் கருவி. மக்காவுக்கு உம்ரா போன யாரோ வாங்கி வந்தது. மதியம் மருமகளுக்கு, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியாருக்கு. பிள்ளை அசைந்தால் ஓர் அமுக்கு. எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் எண் மட்டும் வரும்: பத்து, பதினொன்று, பத்து. பத்து நிமிடம் தாமதமானால்கூட எனக்கு வேலையில் கை ஓடாது.

நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை. மதியம் சமீனா எண்ணிக்கொண்டு படுத்திருந்தபோது எதிர் வீட்டு விஜயகுமாரி, மகள் கல்யாணத்துக்குத் தைத்த தன் ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தாள். மோதிரத்தைத் தலையணை மேல் கழற்றி வைத்துவிட்டு எழுந்தவள், அரை மணி கழித்துத் திரும்பினாள். பன்னிரண்டு என்று காட்டியது. எனக்கு அனுப்பிவிட்டுப் பூஜ்யமாக்கி வைத்தாள். நானும் நிம்மதியாக ஒரு காபி குடித்தேன்.

ஐந்து மணிக்கு மாமியார் மோதிரத்தைக் கையில் எடுத்தார்.

"ஏன்டி, அழிச்சிட்டியா? எட்டு ஸலவாத்து ஓதி வெச்சிருந்தனே."

"எப்ப மாமி?"

"மதியம்தான். நீ விஜயாவுக்குப் போட்டுப் பாத்துனு இருந்தல்ல, அப்ப."

சமீனாவின் கத்திரிக்கோல் துணியின் நடுவில் நின்றது. "அப்ப நாலு மாமி. நாலுதான்."

"மழ கொட்டுது. ரஷீதும் வில்லியனூர்லேருந்து இன்னும் வூடு வரல. சக்கரத் தண்ணி குடிச்சிட்டுப் படு, ஆடும். காலைல..."

போன முறையும் காலையில்தான் போனார்கள். ரஹ்மத் பீவி இரண்டு பேருடைய புர்காவையும் எடுத்து வந்தார்.

விஜயகுமாரியின் கணவர் சுப்பராயலு, வயலிலிருந்து வந்த சேற்றுக் காலோடு காரை எடுத்தார். "கெட்டியா புடிச்சிக்கமா, ரோடெல்லாம் பள்ளம்." "நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்கண்ணே" என்று சமீனா எரிந்து விழுந்தாள். வண்டியிலிருந்தே என்னை அழைத்தாள்.

"அசையுதா?" என்றேன்.

"கேக்காதண்ணே. நீ கேட்டா எனக்கு அசையற மாரியே தோணுது."

வைப்பரின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இணைப்பைத் துண்டிக்க இருவருக்கும் மனம் இல்லை.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் வயிற்றில் துடிப்பு பார்க்கும் பட்டை கட்டினார்கள். இதயத் துடிப்பு இருந்தது. சமீனா அழ ஆரம்பித்தாள். ஆனால் டாக்டர் இயந்திரத்திலிருந்து வரும் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீரும் குறைவு.

"எப்பலேருந்து அசைவு கம்மி? சாயங்காலமா?"

சமீனா பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "மதியத்துலேருந்தே டாக்டரம்மா. இவ சரியாத்தான் எண்ணுனா. நாந்தான் நடுவுல பூந்து அமுக்கிட்டேன்."

"இப்பயாச்சும் வந்தீங்களே. காத்திருக்க வேணாம், ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

பிறகு நாற்பது நிமிடங்கள் எனக்கு ஒரு செய்தியும் இல்லை. அலுவலகப் படிக்கட்டில் ஏறினேன், இறங்கினேன். ரஷீதை அழைத்தால் அவர் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டு என்னையே விசாரித்தார்.

ஒருவழியாக ரஹ்மத் பீவி அழைத்தார். ஒரே இரைச்சல்.

"பொண்ணுப்பா! ரெண்டே கிலோதான், கண்ணாடிப் பொட்டில வெக்கப் போறாங்களாம். உன் தங்கச்சி நல்லா இருக்கா. இந்தா, உள்ள கத்துறா பாரு. கேக்குதா?"

போனைத் தியேட்டர் கதவின் பக்கம் நீட்டியிருப்பார். எனக்கு மழைதான் கேட்டது.

"கேக்குது மாமி" என்றேன்.