முயல்போல் அழும் தகரம்

தகரத்தை நாக்கில் வைத்தால் முதலில் குளிரும், பிறகு புளிக்கும், அதிக நேரம் வைத்திருந்தால் இரத்தத்தின் ருசி வரும். எங்கள் வீட்டுத் தகரத்தில் இவற்றோடு மிளகாய்த்தூளின் எரிவும் இருந்தது. அதை நாங்கள் "நரிப்பீப்பீ" என்போம். காயப்பட்ட முயல் அழுவதுபோல் அது அழும். அந்த அழுகையைக் கேட்டு நரி வரும். வந்த நரியைச் சுடுவார்கள். அவ்வளவுதான் அதன் வேலை.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு மேற்கே ட்ருகனினாவில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். சுற்றிலும் முட்செடி, கல்மதில், செம்மறி ஆடு, நிற்காமல் அடிக்கும் காற்று. வாடகை குறைவு என்பதற்காக அப்பா பிடித்த வீடு அது. டயர் தொழிற்சாலைக்கு விடியமுன் போகிறவர், பொழுதுபடத்தான் திரும்புவார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பேச்சுத்துணைக்குத் தமிழர் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஆகவே அம்மா கோழி வளர்த்தார். குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமைக்கும்போது அவற்றோடுதான் கதைப்பார், ஏசுவார், சில நாள் சிரிக்கவும் செய்வார்.

அவற்றில் ஒன்று என்னுடையது. ஒரு கால் உள்பக்கமாக வளைந்திருந்ததால் அதற்கு "சொத்தி" என்று பெயர். நொண்டிக்கு யாழ்ப்பாணத்தில் சொல்லும் சொல், வைத்தவர் அம்மா. மற்றக் கோழிகள் அதைக் கொத்தித் துரத்தும். கூட்டுக்குள் ஏற முடியாமல் வெளியே உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குக் கீழே படுத்துக்கொள்ளும். அதனால்தான் அது தப்பியது. ஒருநாள் விடியற்காலை அம்மா கூட்டைத் திறந்தபோது உள்ளே ஒரு கோழியும் உயிரோடு இல்லை. கழுத்துகளைக் கடித்துப் போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் நரி எடுத்துப் போயிருந்தது. பசிக்குத் தின்றிருந்தால்கூட அம்மா பொறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவர் அழவில்லை. செத்ததுகளைச் சாக்கில் கட்டிக் குழிக்குள் போட்டு மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வா பிள்ளை, கெவினிட்டைப் போவம்" என்றார்.

கெவின் அடுத்த காணிக்காரர். ஆடு வளர்ப்பவர். சுட்ட நரிகளை வேலிக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுவார். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நான் அந்த வரிசையைத் தாண்டித்தான் போவேன். நாங்கள் போய்ச் சொன்னதும் அவர் ஒரு ரின் டப்பாவின் மூடியை எடுத்து, தகரக் கத்தரியால் நீளத் துண்டாக வெட்டி, நடுவால் மடித்து, ஆணியால் இரண்டு பக்கமும் ஊடுருவ ஒரு துளை போட்டார். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தார். வாசலில் படுத்திருந்த அவருடைய நாய் எழுந்து நின்றது.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா தொடங்கிவிட்டார். ஜாம் ரின் மூடி குருவிபோல் கீச்சிட்டது. பால்மா ரின் மூடி ஊமை. விளிம்பைக் கல்லில் தேய்க்காமல் வைத்ததில் உதடு கிழிந்தது. கெவின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எட்டு வயது நான் தமிழாக்கி அம்மாவுக்குச் சொல்லவேண்டும்: "சாகிற முயல் இவ்வளவு மரியாதையா அழாதாம் அம்மா."

அம்மா விறுவிறென்று உள்ளே போய், ஊரிலிருந்து மாமி அனுப்பிய மிளகாய்த்தூள் ரின்னைக் கொட்டி, அதன் மூடியை வெட்டினார். நல்ல மெல்லிய தகரம். அவசரத்தில் சரியாகக் கழுவவில்லை. கிழிந்த உதட்டில் தூள் பட்டதும் அம்மா மூச்சை உறிஞ்சினார் பாருங்கள், அந்தச் சத்தத்தை இன்று நினைத்தாலும் என் கழுத்து மயிர் நிற்கும். நீளமாகத் தொடங்கி, நடுவில் உடைந்து, விக்கி, மறுபடி எழும்பி, குழந்தையா விலங்கா என்று தெரியாத ஒரு அழுகை. கண்ணில் நீர் வடிய வடிய அம்மா அதைத் திரும்பத் திரும்ப ஊதினார். கெவின் தொப்பியைக் கழற்றினார். ஒருமுறை தரச் சொல்லி வாங்கித் தன் வாயில் வைத்தவர், துப்பிக்கொண்டே தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினார். இந்த நாட்டுக்கு வந்தபின் ஆட்களுக்கு முன்னால் அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அதற்குப் பிறகு அந்த மூடியை அவர் கழுவவே விடவில்லை.

பொழுதுபட வீடு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "இதென்ன, செத்தவீடே?"

"இன்னும் இல்லை. நடக்கும்" என்றார் அம்மா.

பள்ளிக்கூடம் போக எழும்பாவிட்டால் என் காதுக்குள்ளும் அதை ஊதுவார். நான் துடித்து எழுந்து உட்கார்ந்தால், "பார், வேலை செய்யுது" என்பார்.

அந்தக் கிழமைதான் நான் பள்ளிக்கூட முற்றத்துத் தாரில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். பெலத்து அழுதேன். அழுத சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். தூக்கிவிடத்தான் என்று நினைத்தேன். வட்டமாக நின்று பார்த்தார்கள். என்னைப்போலவே அழுது காட்டினார்கள். ஒருவன் என் காயத்தைச் சப்பாத்து நுனியால் தொட்டுப் பார்த்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டே, "ஏன் சத்தம் போட்டு அழுதனி? சத்தம் போட்டா ஆர் வருவினம் எண்டு இப்ப தெரியுதே?" என்றார். ஆறுதலாகச் சொல்லவில்லை. பாடம்போலவும் சொல்லவில்லை. மழை வருது, உடுப்பை எடு என்பதுபோலச் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் கெவின் நரி சுடத் துவக்கோடு வந்தார். அழுகை மட்டும் போதும், நரி வரும் என்றார். அம்மா கேட்கவில்லை. "காதுக்கு மட்டும் காணாது, கண்ணுக்கும் ஏதாவது வேணும்" என்று சொல்லி, பழைய சீலைக்கரையைக் கிழித்துச் சொத்தியின் காலில், அந்த வளைந்த காலில், கட்டி, கல்மதிலுக்கு அப்பால் திறந்த வெட்டையில் ஒரு இரும்புக் கட்டையோடு பிணைத்தார். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"அம்மா, இது ஒண்டுதானே மிச்சம்."

"அதுக்குத்தான் பிள்ளை. வேறை கோழி இருந்தா அதைக் கட்டியிருப்பன். வாயைத் திறந்தியோ, உன்னையும் பக்கத்திலை கட்டுவன்."

மதிலுக்குப் பின்னால் கெவின், அம்மா, நான். சூரியன் முட்செடிகளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா தகரத்தை வாயில் வைத்து அழவைத்தார். நிறுத்தினார். மறுபடி அழவைத்தார். கற்களின் இடுக்கால் எனக்குச் சொத்தி மட்டும் தெரிந்தது. அது ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை உள்ளிழுத்து, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. எங்கள் எல்லோரையும்விட அதற்கு விஷயம் தெரிந்திருந்தது.

நரி ஒளித்து வரவில்லை. விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக்கு வருவதுபோல, காதை முன்னே நீட்டி, சிறு ஓட்டமாக நேரே வந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. கெவின் சுடவில்லை. இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்று விரலால் காட்டினார். சொத்தியின் மேல் அது பாயக் குனிந்தபோது என் முழங்கையைக் கடித்துக்கொண்டேன். வெடி கேட்டது.

நாங்கள் மதிலேறிப் போனபோது நரி சாகவில்லை. இடுப்பில் பட்டிருந்தது. பின்கால்கள் அசையாமல் கிடக்க, முன்கால்களால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு கத்தியது. அம்மாவின் தகரத்திலிருந்து வந்த அதே அழுகை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு எதுவும் வரவில்லை. கெவின் துவக்கின் பிடியை ஓங்கினார். அம்மா கையைத் தூக்கி அவரை மறித்தார்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. இன்னும் கொஞ்சம் அழட்டும்."

கெவின் என்னைப் பார்த்தார். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"நன்றி சொல்றா" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஒரே அடியில் முடித்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு ஆங்கிலச் சொல் அவருக்கும் தெரியும். 

சொத்தியின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அது முட்டை போடவில்லை. தொட்டிக்குக் கீழேயிருந்து வெளியே வரவும் இல்லை. மாதம் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியின் மிளகாய்த்தூள் போட்டு அம்மா கறி வைத்தார். என் சோற்றுக் கோப்பையில் விழுந்தது அந்த வளைந்த கால். "உன்ரை கோழிதானே" என்றார் அம்மா. அப்பா நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார்.

சில மாதங்களுக்கு முன் மகன் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் காட்டினான். மதிலும் இல்லை, வெட்டையும் இல்லை, கெவினின் வேலியும் இல்லை. யன்னல் இல்லாத பெரிய சாமான் கிட்டங்கிகள், லொறிகள், ஒரே மாதிரி வீடுகள். நரி மட்டும் இருக்கிறதாம்; இரவு வேலைக்குப் போகிறவர்கள் குப்பைத் தொட்டியடியில் காண்பதாகச் சொன்னார்கள். அதைக் கூப்பிட யாரும் தகரம் மடிப்பதில்லை. எங்கள் தகரம் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

அம்மா இப்போது ஸ்பிரிங்வேலில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. தேத்தண்ணி கொண்டுபோன பெண் காணும்வரை ஈரத் தரையில் அப்படியே கிடந்திருக்கிறார். அழைப்பு மணியின் கயிறு கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. வெளியே நடையில் ஆட்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். நான் போனபோது அந்தப் பெண் கண் கலங்கி நின்றாள். ஏன் மணியை இழுக்கவில்லை, ஒரு சத்தமாவது போட்டிருக்கலாமே என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார். உதட்டில் அந்தப் பழைய தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"சத்தம் போட்டா ஆர் வருவினம் எண்டு உனக்குத் தெரியாதே?"

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள்.

நன்றி சொல்கிறார் என்றேன்.